படக்கதை ஓவியர் ஷுல்ஸ்

அமெரிக்க நாட்டின் மின்னசோட்டா மாநிலத்தில் மின்னியாபொலிஸ், செயின்ட் பால் என்னும் இரு நகரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. சார்லஸ் ஷுல்ஸ் 1922ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26ஆம் நாள் மின்னியாபொலிசில் பிறந்து, செயின்ட் பாலில் வளர்ந்தார். தந்தையார் கார்ல் முடிதிருத்தும் நிலையம் நடத்திப் பிழைத்தவர். ஞாயிறுதோறும் செய்தித்தாள்களில் வெளிவரும் படக்கதைகளைத் தந்தையும் மைந்தரும் ஒருங்கே படித்து மகிழ்வர்.

ஷுல்ஸ் கூச்சம் மிக்க மாணவர். பள்ளி ஆண்டு மலருக்கென அவர் வரைந்தளித்த படங்கள் அச்சேறவில்லை. அத்துயரம் அவர் நெஞ்சில் நெடுங்காலம் நின்றது.

பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில், அஞ்சல் வழியே ஓவியம் கற்பிக்கும் பள்ளி ஒன்றின் விளம்பரத்தை அன்னையார் டீனா கண்டு மைந்தரிடம் காட்டினார். கட்டணம் 170 டாலர். நாட்டையே வாட்டிய பொருளாதார நெருக்கடியின் வடு ஆறாத 1940ஆம் ஆண்டில், முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர்க்கு அது சிறுதொகையன்று. எனினும் தந்தையார் தவணை முறையில் செலுத்த இசைந்தார். தவணை தவறியபோது நினைவூட்டும் மடல்கள் வந்தன. மைந்தர் கலங்கினார், எவ்வாறேனும் கட்டிவிடலாம் என்று தந்தையார் தேற்றினார். பள்ளியோ அண்மையில் மின்னியாபொலிசில்தான் இருந்தது. ஆயினும் ஆசிரியர்முன் நேரிற்செல்ல நாணி, பாடங்களை அஞ்சலிலேயே அனுப்பி வந்தார் ஷுல்ஸ்! குழந்தைகளை வரையும் பாடத்தில் அவருக்குக் கிடைத்தது நடுத்தர மதிப்பெண்ணே.

1943இல் அவர் படையில் சேர்க்கப்பட்டார். அந்நாட்களிலேயே புற்றுநோயால் நலிந்திருந்த அன்னையார் மறைந்தார். மைந்தரின் ஓவியம் புகழ்பெறுவதைக் காண அவர்க்கு வாய்க்கவில்லை.

போர் முடிந்து திரும்பிய ஷுல்ஸை 1946இல் அதே பள்ளி ஆசிரியராக அமர்த்தியது. மாணவர்கள் அனுப்பும் படங்களைத் திருத்துவது அவர் பணி. தந்தையார் அரும்பாடுபட்டுச் செலுத்திய 170 டாலரின் பெரும்பயன் இதுவே எனலாம். கற்பனை வளத்தை அப்பள்ளி அவர்க்கு ஈந்ததென்று கூறுவதற்கில்லை. அஃது அவருடன் பிறந்தது. ஆனால் பேனாவைக் கையாளும் பயிற்சியையும், ஓவியரிடையே இருந்து உழைக்கும் வாய்ப்பையும், பிற இதழ்கள் அவர் படங்களைத் திருப்பியனுப்பிய காலத்தில் உண்ண உணவையும் அதுவே அளித்தது.

1947 முதல் செயின்ட் பால் நாளிதழ் ஒன்று அவர் சித்திரங்களை வாரந்தோறும் வெளியிட்டது. 1950ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் ஏழு செய்தித்தாள்களில் ‘பீநட்ஸ்’ என்னும் படக்கதை தோன்றியது. நிலக்கடலை எனப் பொருள்படும் அப்பெயர் வெளியீட்டாளர் சூட்டியது. ஷுல்ஸுக்கு அஃது இறுதிவரை பிடிக்கவில்லை. சார்லி பிரவுன் என்னும் சிறுவனும், சுனூப்பி என்னும் நாயும் விரைவில் உலகெங்கும் அறிமுகமாயினர். குழந்தைகளை வரைவதில் நடுத்தர மதிப்பெண் பெற்றவர், குழந்தைகளை வரைந்தே புகழ்பெற்றார்.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் 17,897 படக்கதைகளை, உதவியாளர் எவருமின்றித் தம் கையாலேயே வரைந்தார். 2000ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12ஆம் நாள் இரவு அவர் உயிர் பிரிந்தது. மறுநாட் காலை, ஞாயிற்றுக்கிழமை இதழ்களில் அவருடைய இறுதிப் படக்கதை வெளிவந்தது. அக்கதையில் வரும் சார்லி பிரவுனின் தந்தையும் முடிதிருத்தும் தொழிலாளியே.