செசார் பிராங்க்: ஓர்கன் மாடத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள்

'பானிஸ் ஆஞ்செலிகுஸ்' என்ற நற்கருணைக் கீதத்தைக் கேட்டிராத கத்தோலிக்கர் சிலரே. பாடலின் சொற்கள் அர்ச். தோமாஸ் அக்குவினாருடையவை. நாம் பெரிதும் கேட்கும் இராகத்தை 1872இல் அமைத்தவர் செசார் பிராங்க். ஆயினும் அவருடைய உள்ளத்தை முழுமையாக அறிய விரும்புவோர், அவர் சாகும் ஆண்டில் எழுதிய மூன்று ஓர்கன் கோரால்களையே நாடவேண்டும்.

பெல்ஜியத்து லீஜ் நகரில் 1822ஆம் ஆண்டு மார்கழி மாதம் 10ஆந் திகதி பிறந்தார். மகனைப் புகழ்பெற்ற பியானோக் கலைஞனாக்கிப் பொருளீட்ட விரும்பிய தந்தையார், 1835இல் குடும்பத்தைப் பரிசுக்குக் கொண்டுசென்றார். இசைக் கல்லூரியில் மகன் பரிசுகள் பெற்றுவந்தும், 1842இல் படிப்பை இடைநிறுத்திக் கச்சேரி மேடைகளுக்கு இழுத்தார். பிள்ளையின் திறமையை வீட்டு வருமானமாகக் கணக்கிடும் பெற்றோர் எக்காலத்திலும் உளர் போலும்! நடிகர் குடும்பத்துப் பெண்ணை மகன் மணக்க விரும்பியபோது தந்தையின் சினம் எல்லை மீறியது. 1848 மாசி 22ஆந் திகதி, பரிசில் புரட்சி வெடித்த அன்றே விவாகம் நடந்தது. மணமக்கள் வீதித் தடைகளைத் தாண்டியே ஆலயம் சென்றனராம்.

1858 முதல் இறக்கும்வரை அவர் அர்ச். குளோதில்தா ஆலயத்தின் ஓர்கன் வாசிப்பாளராயிருந்தார். அடுத்த ஆண்டில் கவாயே-கோல் என்னும் புகழ்பெற்ற கைவினைஞர் அமைத்த புதிய ஓர்கன் அங்கே திறந்துவைக்கப்பட்டது. அதில் அவர் முன்னேற்பாடின்றி வாசிப்பதை 1866இல் கேட்ட லிஸ்ட், அவரைப் பாக்குடன் ஒப்பிட்டு வியந்தார். பூசையில் எழுந்தேற்ற வேளை வந்ததும் வாசிப்பை நிறுத்தி, மாடத்தின் ஒரு மூலையில் முழந்தாளிடுவாரென்று மாணவர் எழுதிவைத்துள்ளனர்.

1872இல் இசைக் கல்லூரியின் ஓர்கன் பேராசிரியரானார். வீடுவீடாகச் சென்றும் பாடஞ் சொன்னார். தமக்கென எழுத விடியற்காலை இரண்டு மணி நேரமே கிடைத்தது. மாணவர் அவரைத் தந்தையென்று நேசித்தனர். பொதுமக்களோ பெரும்பாலும் கவனிக்கவில்லை. 1889இல் அரங்கேறிய சிம்பொனிக்குக் குளிர்ந்த வரவேற்பே கிடைத்தது. அவர் முறைப்பட்டதாகத் தெரியவில்லை.

1890இல் அவர் சென்ற குதிரை வண்டி, பயணிகள் ஏற்றும் பெரிய வண்டியொன்றுடன் மோதியது. காயத்தைப் பெரிதாக எண்ணாது பணியைத் தொடர்ந்தார். அவ்வாண்டுக் கோடை முடிவில் பிறந்தவையே மூன்று கோரால்கள். கோரால் என்பது லுத்தரன் சபையாரின் ஆலயக் கீதம். பிராங்க் பழைய கீதமெதையும் எடுத்தாளவில்லை, இராகங்களெல்லாம் அவருடையனவே. முதலாவதில் கோரால் தொடக்கத்திலேயே முழு உருவுடன் வராது. பல மாற்றங்களினூடே சிறிது சிறிதாக வெளிப்பட்டு, முடிவில் ஓர்கனின் முழுக்குரலில் எழும். இரண்டாவது, கால்மிதிகளில் கனத்த இராகத்துடன் தொடங்கி மெல்ல அடங்கும். மூன்றாவது விரைந்தோடும் சுரங்களுடன் பிறக்கிறது. நடுவே நீண்ட, அமைதியான பாடலொன்று வரும். இறுதியில் அவ்வோட்டமும் கோராலும் ஒன்றாகச் சேர்கின்றன. முதன்முறை கேட்போர் மூன்றாவதிலிருந்து தொடங்குவது நல்லது.

அவ்வாண்டு கார்த்திகை 8ஆந் திகதி, சுவாச நோயினால், அறுபத்தேழாம் வயதில் காலமானார். கோரால்கள் அச்சேறியதை அவர் காணவில்லை. 1904இல் ஆலயத்தின் எதிரேயுள்ள பூங்காவில் அவருக்குச் சிலை எழுப்பினர். அதில் அவர் ஓர்கன் முன் அமர்ந்திருக்கிறார். பின்னாலிருந்து ஒரு சம்மனசு அவர் பக்கம் குனிந்திருக்கிறது.