யார் இந்த வர்கீஸ்? 28 வருஷம் கழித்து உண்மையைச் சொன்ன போலீஸ்காரர்... வயநாடு என்கவுண்டரின் முழுக் கதை!

1956 நவம்பர் 1. மொழிவாரி மாநிலங்கள் பிரிந்த நாள். கன்னியாகுமரி மாவட்டத்தின் இரணியல், தக்கலை பகுதிகள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது அன்றைக்குத்தான். அதே நாளில், அதுவரை சென்னை மாநிலத்தில் இருந்த வயநாடு கேரளாவுக்குப் போனது. அப்போது வயநாட்டில் 18 வயது இளைஞராக இருந்தவர் வர்கீஸ்.

31 வயதில் போலீஸ் தோட்டாவுக்கு பலியானார் அவர். அது என்கவுண்டர் இல்லை, கொலை என்று கோர்ட் சொல்ல 40 வருஷம் ஆனது. என்னதான் நடந்தது?

திருவிழாவில் நடந்த ஆள் பிடிப்பு

1938-ல் பிறந்த வர்கீஸ், மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் முழுநேர ஊழியர். கண்ணூர் கட்சி அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, வயநாட்டு பழங்குடி மக்களிடம் வேலை செய்யத் திரும்பி வந்தார். அவர் மையமாக வைத்துக்கொண்ட ஊர் திருநெல்லி. நம்ம திருநெல்வேலி இல்லைங்க, இது கர்நாடக எல்லையை ஒட்டிய காட்டு ஊர்.

அங்கே அடியர், பணியர் என்ற பழங்குடிகள் பெரும்பாலும் கொத்தடிமைகள். மானந்தவாடி பக்கம் வள்ளியூர்க்காவு கோயில் திருவிழா நடக்கும். அங்கே நிலச்சுவான்தார் கொஞ்சம் முன்பணம் கொடுப்பார். வாங்கிவிட்டால் அடுத்த திருவிழா வரைக்கும் அந்தக் குடும்பமே அவர் வயலில் வேலை செய்தாக வேண்டும். கூலி, கொஞ்சம் நெல்.

வர்கீஸ் இந்த மக்களோடு குடிசையில் தங்கினார், அவர்கள் சாப்பிட்டதையே சாப்பிட்டார், கூலி உயர்வுக்காகப் போராட வைத்தார். அடியர்கள் அவரைத் தங்கள் 'பெருமன்' என்று அழைத்தார்கள். தலைவன் என்று அர்த்தம்.

துப்பாக்கி வழிக்குப் போனது ஏன்?

நிலச்சுவான்தார்களை எதிர்ப்பதில் கட்சி வேகம் காட்டவில்லை என்ற வருத்தம் வர்கீஸுக்கு இருந்தது. 1967-ல் மேற்கு வங்கத்தின் நக்சல்பாரியில் விவசாயிகள் எழுச்சி வெடித்ததும், ஆயுதப் போராட்டம்தான் ஒரே வழி என்று நம்பிய குழுவோடு சேர்ந்தார்.

1968 நவம்பரில் இந்தக் குழு இரண்டு இடங்களைக் குறிவைத்தது. தலச்சேரி போலீஸ் ஸ்டேஷன் தாக்குதல் தோற்றுப்போனது. அடுத்து வயநாட்டின் புல்பள்ளி போலீஸ் முகாம். தேவஸ்வம் நிலத்தில் குடியேறிய விவசாயிகளை வெளியேற்றும் பிரச்சினைக்காகப் போடப்பட்ட முகாம் அது. அங்கே ஒரு போலீஸ்காரர் கொல்லப்பட்டார். தாக்குதலில் இருந்த 18 வயது அஜிதா உட்பட பலர் பிடிபட்டார்கள். வர்கீஸ் தப்பித் தலைமறைவானார்.

1970 பிப்ரவரியில் திருநெல்லி பகுதியில் வாசுதேவ அடிகா உள்ளிட்ட இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். இந்த ரத்தத்தையும் மறைக்காமல் சொன்னால்தான் வர்கீஸ் கதை முழுசாகும். அவர் குழு நீதி கேட்டது உண்மை. விசாரணையே இல்லாமல் மரண தண்டனை கொடுத்ததும் உண்மை.

அதே 1970-ல் ஐரோப்பாவிலும் இதே பாதையில் குழுக்கள் கிளம்பின. மேற்கு ஜெர்மனியில் செம்படைப் பிரிவு, இத்தாலியில் செம்படையணி. இத்தாலியின் முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவையே 1978-ல் கடத்திக் கொன்றார்கள். ஆனால் அந்த நாடுகளில் முக்கியத் தலைவர்கள் பலர் கோர்ட்டில் நிறுத்தப்பட்டார்கள். வர்கீஸுக்கு அது நடக்கவில்லை.

1970 பிப்ரவரி 18

திருநெல்லி காட்டில் போலீஸோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் வர்கீஸ் கொல்லப்பட்டார். அரசு சொன்ன கதை இது. அப்போது கேரள முதல்வர் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் அச்சுத மேனன்.

இந்தக் கதை 1998-ல் உடைந்தது. உடைத்தவர் எதிர்க்கட்சிக்காரரோ பத்திரிகையாளரோ இல்லை. சுட்ட கான்ஸ்டபிளே! மத்திய ரிசர்வ் போலீஸில் இருந்த ராமச்சந்திரன் நாயர்.

அவர் சொன்னது இதுதான். வர்கீஸ் உயிரோடு பிடிபட்டார், கையில் ஆயுதம் இல்லை. சுடச் சொல்லி உத்தரவு போட்டது அப்போது டிஎஸ்பி-யாக இருந்த லட்சுமணா. நாயர் தயங்கினார். சுடாவிட்டால் அவரையும் சுட்டு, மோதலில் செத்ததாகக் கணக்குக் காட்டுவோம் என்று மிரட்டல் வந்தது. கடைசியில் சுட்டார். அந்தப் பாரத்தை 28 வருஷம் சுமந்தார்.

இதைச் சொன்னால் கொலை வழக்கில் முதல் குற்றவாளி தான்தான் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னார்.

தீர்ப்பு என்ன?

1999-ல் கேரள உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. நாயர் முதல் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டார். தீர்ப்பைப் பார்க்காமலே 2006-ல் இறந்துபோனார். ஐ.ஜி.யாக ஓய்வுபெற்றிருந்த லட்சுமணாவுக்கு 2010 அக்டோபரில் கொச்சி சிபிஐ நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. இன்னொரு முன்னாள் உயரதிகாரி விஜயன், போதிய ஆதாரம் இல்லாததால் விடுவிக்கப்பட்டார். வர்கீஸ் குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தர கேரள அரசு 2021-ல்தான் முடிவு செய்தது.

இன்றைக்கும் ஏன் பேசணும்?

வர்கீஸ் எதிர்த்த கொத்தடிமை முறையை நாடு முழுக்க ஒழிக்க 1976-ல் சட்டம் வந்தது. அவர் எடுத்த ஆயுதத்தால் வந்த மாற்றம் என்று அதைச் சொல்ல முடியாது. அதற்காக அவர் கேட்ட கேள்வி தப்பாகிவிடாது.

அவர் சுடப்பட்ட இடம் இன்று 'வர்கீஸ் பாறை'. பிப்ரவரி 18 வந்தால் அங்கே நினைவுக் கூட்டம் நடக்கிறது. ஆனால் இந்தக் கதையில் மறக்கக் கூடாத இன்னொருவர், நாயர். பிடிபட்டவரை கோர்ட்டுக்குக் கொண்டுபோகாமல் சுடுவதும் கொலைதான் என்று, தன் மேலேயே வழக்கு வாங்கி நிரூபித்த ஒரு சாதாரண கான்ஸ்டபிள். ஒவ்வொரு என்கவுண்டர் செய்திக்கும் கைதட்டும் முன்னால் அவரை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கலாம்.