பாலை கடந்த பயணச் செம்மல் இப்னு பதூதா

இப்னு பதூதா என்னும் பெயரைக் கேட்டவுடன் நம் நெஞ்சில் எழுவன மக்காவும் டில்லி அரசவையும் சீனத்துத் துறைமுகங்களுமே ஆகும். அப்பெருமகனார் தம் நெடும்பயணங்களின் நிறைவாக ஸஹாராப் பெரும்பாலையைக் கடந்து, அதன் சிற்றூர்களையும் அவற்றில் வாழ்ந்த மக்களையும் கண்டு பதிவு செய்த வரலாறு நம்மிடையே மிகுதியாகப் பேசப்படுவதில்லை. நூற்கல்வியில் தேர்ந்த ஒரு நீதிபதி, பாலை மக்களின் பட்டறிவை நம்பித் தம் உயிரையே ஒப்படைத்த வரலாறு அது. ஆகவே அதனை இங்குச் சற்று விரிவாக நோக்குவோம்.

தோற்றமும் முற்பயணங்களும்

இப்னு பதூதா மொராக்கோ நாட்டின் தான்ஜியர் நகரில் 1304ஆம் ஆண்டு பிறந்தார். அவர்தம் குடும்பம் காழிகளைத் தந்த குடும்பம். மாலிக்கி சட்ட நெறியைக் கற்ற அவர், 1325இல், தமது இருபத்தோராம் அகவையில், ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றும் பொருட்டுத் தன்னந்தனியே புறப்பட்டார். அப்பயணம் கால் நூற்றாண்டுக் காலம் நீண்டது. டில்லியில் முகம்மது பின் துக்ளக்கின் ஆட்சியிலும் பின்னர் மாலத்தீவிலும் அவர் காழியாகப் பணியாற்றினார்.

1340களில் அவர் நம் தமிழகத்திற்கும் வந்தார். அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாதுத்தீன் அவருக்கு மனைவி வழி உறவினர். ஆயினும் அம்மன்னன் சிறைப்பட்டோரைப் பெண்டிர், குழந்தைகள் என்றும் பாராது கொன்ற கொடுமையை அவர் மறைக்கவில்லை. உறவினன் என்றோ தம் சமயத்தவன் என்றோ கருதாமல், அதனை இழிசெயல் என்றே கடிந்து பதிவு செய்தார். இந்த நடுவுநிலையை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் அதனை மீண்டும் எண்ணிப் பார்க்க நேரும்.

1349இல் தாயகம் திரும்பியபோது, தம் அன்னையார் கொள்ளைநோய்க்கு இரையாகிவிட்டார் என்னும் செய்தியே அவரை எதிர்கொண்டது. தந்தையார் முன்னரே மறைந்திருந்தார். சில காலம் கழித்து ஸ்பெயின் நாட்டின் கிரனாடாவரை சென்று மீண்டவர், ஸஹாராவுக்கு அப்பாலிருந்த மாலிப் பேரரசைக் காணத் துணிந்தார்.

உப்பினால் ஆன ஊர்

பாலையின் வடவாயிலாக அந்நாளில் விளங்கியது சிஜில்மாஸா. பேரீச்சந்தோப்புகள் சூழ்ந்த அந்நகரில் ஒட்டகங்களை வாங்கி, நான்கு மாதங்களுக்கு வேண்டிய தீவனத்தையும் சேர்த்துக்கொண்டு, 1352 பிப்ரவரித் திங்களில் ஒரு வணிகச் சாத்துடன் அவர் புறப்பட்டார்.

இருபத்தைந்து நாள் நடைக்குப் பின் தகாஸா என்னும் சிற்றூர் வந்தது. அங்கு மரமில்லை, பயிரில்லை, மணலும் உப்புமே உண்டு. வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களாலேயே கட்டப்பெற்றிருந்தன. கூரைகள் ஒட்டகத் தோலால் வேயப்பட்டிருந்தன. நிலத்தை அகழ்ந்து உப்பைப் பாளம் பாளமாக வெட்டியெடுத்தவர்கள் மஸூஃபா இனத்தாரின் அடிமைகள். வடக்கிலிருந்து பேரீச்சம்பழமும் தெற்கிலிருந்து தானியமும் வந்தால்தான் அவர்களுக்கு உணவு. குடிநீரோ உவர்நீர், ஈக்களோ எண்ணிறந்தவை.

ஆயினும் அவ்வூரின் உப்பே பாலை வணிகத்தின் உயிர்நாடியாக இருந்தது. ஓர் ஒட்டகம் இரண்டு பாளங்களைச் சுமக்கும். அச்சுமை வலாத்தாவில் எட்டு முதல் பத்து மித்கால் பொன்னுக்கும், மாலித் தலைநகரில் இருபது முதல் முப்பது மித்கால் பொன்னுக்கும், சிற்சில வேளைகளில் நாற்பதுக்கும் விலைபோயிற்று. தெற்கே பொன் விளைந்தது, உப்பு இல்லை. தகாஸாவில் உப்பு விளைந்தது, உணவு இல்லை. ஒன்றின் குறையை மற்றொன்று நிறைத்ததனாலேயே பாலைச் சிற்றூர்கள் நிலைபெற்றன.

ஒற்றைக்கண் வழிகாட்டி

தகாஸாவுக்கு அப்பால் பத்து நாள் வழி நீரற்றது. அவ்வாண்டு மழைநீர் ஆங்காங்கே தேங்கியிருந்தமையால் சாத்தினர் பிழைத்தனர். முதலில் இப்னு பதூதாவும் பிறரும் சாத்தை விட்டு முன்னே சென்று, மேய்ச்சல் கண்ட இடத்தில் ஒட்டகங்களை மேயவிடுவது வழக்கமாக இருந்தது. உடன்வந்த ஒருவர் தம் உறவினருடன் சச்சரவிட்டுப் பின்தங்கிக் காணாமற்போனார். மறுநாள் தேடிச் சென்றவர் காலடித் தடத்தைக் கண்டாரேயன்றி ஆளைக் காணவில்லை. வேறொரு சாத்தைச் சேர்ந்த ஒருவரோ ஒரு புதரடியில் கையில் சவுக்குடன் இறந்து கிடந்தார். நீர்நிலை அவரிடமிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தொலைவிலேயே இருந்தது. அதன்பின் சாத்தை விட்டு எவரும் முந்தவுமில்லை, பிந்தவுமில்லை.

இவ்வழியின் கடைக்கூற்றில்தான் தக்ஷீஃப் எனப்படும் தூதர் தேவைப்பட்டார். மஸூஃபா இனத்தவரான அவர், சாத்தினரின் மடல்களை ஏந்தித் தனியே முன்னோடி வலாத்தாவை அடைவார். அங்குள்ளோர் மடல் கண்டு, நான்கு நாள் தொலைவு எதிர்வந்து தண்ணீர் தருவர். அத்தூதர் வழியில் மாண்டால் செய்தி சேராது. சாத்தும் அழிய நேரலாம். இச்சாத்தினர் நூறு மித்கால் பொன் கொடுத்து அமர்த்திய தூதருக்கு ஒரு கண் இல்லை. மற்றொரு கண்ணோ நோயுற்றிருந்தது. ஆயினும் அவரினும் வழியறிந்தார் எவருமிலர். ஏழாம் நாள் இரவில், தண்ணீருடன் எதிர்வந்தோரின் தீ தொலைவில் ஒளிர்ந்தபோது சாத்தினர் அடைந்த மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. அரசர்களின் அவைகளில் தீர்ப்புரைத்த காழியின் உயிர், ஏறத்தாழப் பார்வையிழந்த ஒரு பாலைவாசியின் அறிவினால் காக்கப்பட்டது.

வலாத்தாவும் மாலியும்

சிஜில்மாஸாவை விட்டு இரு திங்கள் கழிந்தபின் வலாத்தா வந்தது. வெம்மை மிகுந்த அவ்வூரில் சில பேரீச்சமரங்களின் நிழலில் தர்ப்பூசணி விளைந்தது. அங்குள்ள மஸூஃபா மக்கள் தொழுகை பேணினர், சட்டம் பயின்றனர், குர்ஆனை மனனம் செய்தனர். ஆனால் மரபுரிமை தந்தை வழியே செல்லாது, தாய்மாமனிடமிருந்து மருமகனுக்குச் சென்றது. இவ்வழக்கத்தை மலபாரில் மட்டுமே கண்டிருந்த இப்னு பதூதா வியந்தார். பெண்கள் அயலாருடன் தயங்காது உரையாடுவதைக் கண்டு வெறுப்புற்றார். தம் நாட்டு வழக்கத்தையே அளவுகோலாகக் கொண்ட அவருடைய சினத்தை இப்பகுதிகளில் நாம் காண்கிறோம். எனினும் கண்டதை அவர் விடாது சொன்னதனால்தான் அச்சமுதாயத்தின் இயல்பை நாம் அறிய முடிகிறது.

வலாத்தாவிலிருந்து மாலித் தலைநகர் இருபத்துநான்கு நாள் வழி. அவ்வழியில் அச்சமில்லை; சாத்துத் துணையும் தேவைப்படவில்லை. உள்ளீடற்ற பெருமரங்கள் நின்றன. அவற்றுள் ஒன்றின் பொந்தில் ஒரு நெசவாளி தறியிட்டு நெய்துகொண்டிருந்தார். அந்நாட்டை ஆண்ட மான்ஸா சுலைமான் அனுப்பிய வரவேற்புப் பொருள் மூன்று அப்பங்களும் சிறிது இறைச்சியும் ஒரு சுரைக்குடுவைத் தயிருமே என்று கண்டு அவர் நகைத்தார். ஆயினும் அந்நாட்டின் நீதியையும், வழிப்பறி அச்சமின்மையையும், இறந்த அயலாரின் பொருளை எவரும் கவராத நேர்மையையும் மனமாரப் போற்றினார்.

1353இல் திரும்புகையில் திம்புக்டுவைக் கண்டு, நைஜர் ஆற்றில் ஒரே மரத்தைக் குடைந்த ஓடத்தில் சென்று காவோவை அடைந்தார். முன்பு மாலத்தீவில் குவியல் குவியலாகக் கண்ட சோழிகள் அங்கு நாணயமாக வழங்கின. பின்னர்ச் செந்நிறக் கற்களால் வீடுகள் அமைந்த தகத்தாவை அடைந்தார். செம்புச் சுரங்கங்களின் வழியே ஓடியதனால் அவ்வூர் நீர் நிறமும் சுவையும் திரிந்திருந்தது. உருக்கிய செம்புக் கம்பிகளே அங்குப் பணம். மெல்லிய கம்பிக்கு இறைச்சியும் விறகும் வாங்கினர். தடித்த கம்பிக்குத் தானியத்தையும் அடிமைகளையும் வாங்கினர்.

நாம் எண்ண வேண்டுவது

தகத்தாவில் மொராக்கோ சுல்தான் அபூ இனானின் ஆணை வந்தது. அவ்வாணைப்படி 1353 செப்டம்பரில் ஒரு பெரும் சாத்துடன் அவர் வடக்கு நோக்கினார். அச்சாத்தில் அறுநூறு அடிமைப் பெண்கள் இருந்தனர் என்று அவரே கூறுகிறார். அவர்கள் யாவர், எங்கிருந்து கவரப்பட்டனர், பாலையை எவ்வாறு கடந்தனர் என அவர் ஒன்றும் கூறவில்லை. மதுரையில் மன்னனின் கொடுமை கண்டு வெகுண்ட உள்ளம் இங்கு வாளா இருந்தது. அடிமையை விடுவித்தலைப் பேரறமாகக் குர்ஆன் போற்றுகிறது. அதனைக் கற்றறிந்த ஒருவருக்கும் தம் காலத்து வழக்கம் கண்மறைப்பாக அமைந்துவிட்டது. பெரியோரைப் போற்றும் நாம் இதனையும் கூறாது விடுதல் நேர்மையாகாது.

பனி பொழியும் மலைவழியே ஃபெஸ் நகரை அடைந்த அவர், தம் அனுபவங்களைச் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸை என்னும் அறிஞர் நூலாக்கினார். அது 1355 டிசம்பரில் நிறைவுற்றது. தாயகத்தில் காழியாகப் பணியாற்றிய இப்னு பதூதா 1368ஆம் ஆண்டையொட்டி மறைந்தார். சிஜில்மாஸா இன்று இடிபாடுகளாகக் கிடக்கிறது. உப்புத்தொழில் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் தாவ்தேனிக்கு இடம்பெயர்ந்ததால் தகாஸாவும் பாழ்பட்டது. வலாத்தாவின் பழம்பகுதியை 1996இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

மாணவச் செல்வங்கள் இப்பெரும் பயணியின் துணிவையும் உண்மை கூறும் இயல்பையும் கைக்கொள்வார்களாக! அத்துடன், தகாஸாவில் உப்பு வெட்டியவர்களையும், ஒற்றைக் கண்ணால் வழி கண்டவரையும், சாத்தில் நடந்த அறுநூறு பெண்களையும் நினைவில் கொள்வார்களாக! இப்னு பதூதா பாலையைக் கடந்தது இவர்கள் உழைத்த, நடந்த வழியில்தான்.