கல்லறை இல்லாத கொழும்பு மைந்தர்



நவம்பர் மாதம் வந்ததும் சேமக்காலைக்குப் போய், உங்கள் பெற்றோரின் கல்லறையைத் துப்புரவாக்கி, மெழுகுதிரி ஏற்றி மன்றாடுகிறீர்கள். திரி ஏற்றுவதற்குக் கல்லறையே இல்லாத வீடுகளை நினைத்ததுண்டா? அப்படிப்பட்ட ஒருவரின் வரலாறு இது.

பசில் ஆதர் ஹோர்ஸ்ஃபோல் 1887 ஒக்ரோபர் 4ஆம் திகதி கொழும்பில் ஆங்கிலேயக் குடும்பமொன்றில் பிறந்தார். அந்நாளில் முகத்துவாரத்தில் இருந்த சென் தோமஸ் கல்லூரியில் கல்வி கற்றார். வங்கியிலும், பின்னர் இலங்கை அரசாங்க சேவையிலும் கடமையாற்றினார். முதலாம் உலகப்போர் மூண்டபின், 1916இல் இங்கிலாந்து சென்று படையிற் சேர்ந்தார்.

1918 மார்ச் 27. பிரான்சில் ஜேர்மனியரின் பெருந்தாக்குதல் நடந்துகொண்டிருந்தது. ஹோர்ஸ்ஃபோலின் முன்னணிப் பிரிவுகள் பின்தள்ளப்பட்டன. அவருக்குத் தலையில் காயம். தம் கம்பனியின் மற்ற மூன்று அதிகாரிகளில் இருவர் இறந்து, ஒருவர் காயமடைந்துவிட்டதால், சிகிச்சைக்குப் போக மறுத்தார். எஞ்சிய வீரரைத் திரட்டி, இழந்த இடத்தை மீட்கப் போராடினார். பின்வாங்கும்படி கட்டளை வந்தபோது எல்லாரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாகவே புறப்பட்டார். சற்று நேரத்தில் கொல்லப்பட்டார். வயது 30. பிரித்தானியாவின் அதியுயர் வீர விருதான விக்ரோறியாச் சிலுவை அவருக்கு வழங்கப்பட்டது.

ஆனால் உடல் கிடைக்கவில்லை. பிரான்சின் அராஸ் நகர நினைவுச் சுவரில், அறியப்பட்ட கல்லறையற்ற ஏறக்குறைய 35,000 பேரின் பெயர்களோடு அவர் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1917இல் அமைக்கப்பட்ட போர்க் கல்லறை ஆணைக்குழு, அதிகாரி, சிப்பாய் என்ற பேதமின்றி ஒவ்வொருவர் பெயரையும் பதிந்து காத்துவருகிறது.

புளியங்கூடலிலோ ஊர்காவற்றுறையிலோ வாழும் உங்கள் குடும்பத்திலும் போருக்குப் போன ஒரு பாட்டனார் இருந்திருக்கலாம். அவருடைய முழுப்பெயர், படைப்பிரிவு, சேவை இலக்கம் ஆகியவற்றை வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதிவையுங்கள். ஊரில் இறந்திருந்தால் பங்கின் மரணப் பதிவேட்டைப் பாருங்கள். போர்க்காலத்தில் படைச்சேவையில் மாண்டிருந்தால் ஆணைக்குழுவின் பதிவுகளில் தேடுங்கள்.

நம் தீவுகளிலும், பிற்காலப் போரில் காணாமற்போனவர்களுக்காக, எங்கே திரி ஏற்றுவதென்று தெரியாத தாய்மார் இருக்கிறார்கள். அவர்களிற் பலருக்கு ஒரு சுவர்கூட இல்லை. ஆகையால் அந்தப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். இந்த நவம்பரில் உங்கள் குடும்பச் செபத்தில் அவர்களுக்கும் ஓர் இடம் கொடுங்கள்.