ஒளியில் பதிந்த கல்லெழுத்து

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளை 1858-ஆம் ஆண்டிலேயே ஒருவர் நிழற்படமாக்கி வைத்தார் என்பது நம் வட்டத்தாருள் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கக்கூடும். அவர் பெயர் லின்னேயஸ் டிரைப். இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் 1822-இல் பிறந்து, 1839-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தவர்.

1854-இல் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படமெடுத்தார். மறு ஆண்டில் பர்மாவின் அவா அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவுடன் போய், இருநூறுக்கு மேற்பட்ட எதிருருக்களுடன் மீண்டார். 1856-இல் சென்னை அரசு அவரைத் தன் நிழற்படக் கலைஞராக அமர்த்தியது.

அவர் பெரிதும் கையாண்டது மெழுகுத்தாள் முறை. மெல்லிய தாளில் மெழுகை உருக்கி ஊறவிட்டு, ஒளி ஊடுருவச் செய்து, வெள்ளி உப்பேற்றிப் படப்பெட்டியில் வைப்பர். கிடைத்த எதிருருவை வெள்ளியுப்பு ஏற்றிய வேறொரு தாளின்மேல் கிடத்தி வெயிலில் வைத்தால் நேருரு மெல்ல எழும். தமிழகப் படங்கள் பலவற்றின் தாளில் முட்டை வெண்கருவும் பூசப்பட்டது. கோயிற் படமாயிற்றே என்று அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டா! வெறுமையாக நின்ற வானத்தில், எதிருருவின்மேல் தூரிகையால் மேகம் தீட்டுவதும் அவர் வழக்கம். கவிஞர்கள் இதனை மன்னித்துவிடுவர். ஆய்வாளராகிய எனக்குச் சற்றே மனத்தடை உண்டு.

மதுரை, திருவரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சை எனச் சென்றவர், பெரிய கோயிலில் செய்தது வேறு யாரும் எண்ணாதது. அடித்தளத்தை ஒட்டிப் படப்பெட்டியை நகர்த்தி நகர்த்தி எடுத்த 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்தில் ஒரே சுருளாக்கினார். தானும் தன் அக்கனும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றை விமானக் கல்லில் வெட்டுக என்று இராசராசன் ஆணையிட்ட இடம் அது. அக்கோயிற் கல்வெட்டுகளை ஹுல்ஷ் தொகுத்து வெளியிடத் தொடங்கியது 1891-இல்தான். அதற்கு 33 ஆண்டுகள் முன்பே எழுத்துகள் தாளேறிவிட்டன.

அதே 1858-இல் சென்னை அருங்காட்சியகத்திலிருந்த அமராவதிச் சிற்பங்களையும் படமெடுத்தார். மறு ஆண்டே அக்கற்களில் பல லண்டனுக்குக் கப்பலேறின.

இத்தகைய பணியை, 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் ஆடம்பரச் செலவெனக் கருதினார். 1860-இல் அது நின்றது. படைப்பணிக்குத் திரும்பிய டிரைப், அதன்பின் மிகச் சில படங்களே எடுத்தார். 1875-இல் ஓய்வு பெற்று, 1902-இல் பிறந்த ஊரிலேயே மறைந்தார். அவர் தொகுதிகள் லண்டனில் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன; தஞ்சைச் சுருளைக் காண நாமும் கடல் கடக்கவேண்டியிருக்கிறது.