பள்ளி செல்லாத பண்டிதை ரமாபாய்

1878-ஆம் ஆண்டில் கல்கத்தா நகரத்துச் சமஸ்கிருதப் பண்டிதர்கள் கூடி, இருபது வயது மராத்தியப் பெண் ஒருத்தியின் புலமையைச் சோதித்துப் பார்த்தார்கள். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவள் சமஸ்கிருதத்திலேயே விடை சொன்னாள். வியந்துபோன சபையினர் "பண்டிதை", "சரஸ்வதி" என்ற பட்டங்களை அவளுக்கு வழங்கினார்கள். அந்தப் பெண் அதுவரை ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்தவள் அல்லள். அவளுக்குக் கல்வி கொடுத்தவர் பெற்ற தாய். அவள்தான் பண்டித ரமாபாய்.

தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே மராத்தி பேசும் வைதிக அந்தணர். மாணவராக இருந்த காலத்தில், பேஷ்வாவின் அரண்மனையில் ராணி சமஸ்கிருதம் படிப்பதை அறிந்து வியந்தார். தம் மனைவிக்கும் கற்பிக்க விரும்பினார். வீட்டுப் பெரியவர்கள் இடம் கொடுக்கவில்லை. முதல் மனைவி இறந்தபின் மணந்த லட்சுமிபாய்க்குக் கற்பிக்கத் தொடங்கியபோதும் எதிர்ப்பு கிளம்பியது. உடுப்பியில் பண்டிதர்கள் சபை கூட்டி விளக்கம் கேட்டார்கள். பெண்கள் சமஸ்கிருதம் படிப்பதற்குச் சாஸ்திரத்தில் தடையில்லை என்று அவர் மேற்கோள்களுடன் நிறுவினார். இன்றைய கர்நாடகத்தில், துங்கா, பத்ரா ஆறுகள் பிறக்கும் கங்காமூல மலைக்காட்டில் ஆசிரமம் அமைத்து, மனைவியைப் படிக்க வைத்தார். அங்கேதான் 1858 ஏப்ரல் 23-ல் ரமாபாய் பிறந்தார்.

விடியற்காலைப் பாடம்

ரமாபாய்க்கு ஆறு மாதம் ஆனபோது குடும்பம் ஆசிரமத்தை விட்டுப் புறப்பட்டது. பிரம்புப் பெட்டியில் குழந்தையைக் கிடத்தி மலையிலிருந்து கீழே கொண்டுவந்தார்கள். அதன்பின் வாழ்க்கை முழுவதும் யாத்திரைதான். க்ஷேத்திரம் க்ஷேத்திரமாகச் சென்று, கோயில்களிலும் நதிக்கரைகளிலும் புராணம் வாசித்து, பக்தர்கள் தருவதைக் கொண்டு காலம் கழித்தார்கள்.

ரமாபாய்க்கு எட்டு வயதானபோது தந்தைக்கு வயது ஏறிவிட்டது. பாடம் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பைத் தாய் ஏற்றார். பொழுது விடிந்துவிட்டால் அவருக்கு வீட்டு வேலை ஓயாது. ஆகவே விடியுமுன்னே மகளை அணைத்து எழுப்பிப் பாடம் தொடங்குவார். இலக்கணம், நிகண்டு, பாகவதம் என்று ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் இது நடந்தது. பன்னிரண்டு வயதிற்குள் 18,000 சுலோகங்கள் ரமாபாய்க்கு மனப்பாடமாகிவிட்டன என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள்.

ஆனால் தாய் கொடுத்த பெருஞ்செல்வம் மனப்பாடம் அல்ல. பிறர் துணை அதிகம் இல்லாமல் தானே மேலே படித்துக்கொள்ளும் பழக்கத்தை அவர் மகளுக்கு ஊட்டியிருந்தார். பரீட்சை இல்லை, பரிசு இல்லை, பிரம்படி இல்லை. போகும் இடமெல்லாம் கேட்ட பேச்சைக் கவனித்தே கன்னடம், ஹிந்தி, வங்காளி ஆகிய மொழிகளையும் ரமாபாய் பழகிக்கொண்டார்.

பஞ்சம் புகட்டிய பாடம்

அந்தக் கல்வியில் ஒரு குறையும் இருந்தது. 1870-களில் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது குடும்பத்தின் கைப்பொருள் தீர்ந்தது. அத்தனை சாஸ்திரம் அறிந்த குடும்பத்தில் ஒருவருக்கும் கைத்தொழில் தெரியாது. குலப்பெருமையும் கல்விச்செருக்கும் கூலி வேலைக்குப் போகவிடாமல் தடுத்தன என்று பிற்காலத்தில் ரமாபாயே ஒளிக்காமல் எழுதினார். தந்தை, தாய், மூத்த சகோதரி என்று மூவரும் சில மாத இடைவெளிகளில் மறைந்தனர். தாயின் பாடையைத் தூக்க ஆள் போதவில்லை. ரமாபாயும் தோள் கொடுக்க வேண்டியதாயிற்று. உயரம் குறைந்தவராகையால் அவர் அதைத் தலையில் சுமந்து சென்றார்.

பிறகு அண்ணன் சீனிவாசனும் அவரும் ஆயிரக்கணக்கான மைல் நடந்து கல்கத்தா சேர்ந்தார்கள். 1880-ல் அண்ணனும் இறந்தார். அதே ஆண்டில் ரமாபாய் விபின் விஹாரி மேத்வி என்ற வங்காள வழக்கறிஞரைச் சாதி கடந்து மணந்தார். 1882-ல் கணவரும் காலமானார். கையில் மனோரமா என்ற பெண் குழந்தை.

கற்றுக்கொண்டே கற்பித்தவர்

அவர் மூலையில் உட்காரவில்லை. பூனாவில் ஆரிய மகிளா சமாஜத்தை நிறுவினார். 1882-ல் ஹண்டர் கல்விக் கமிஷன் முன் தோன்றி, பெண் ஆசிரியைகளும் பெண் டாக்டர்களும் தேவை என்று வற்புறுத்தினார். ஆங்கிலம் கற்று, 1883-ல் இங்கிலாந்து சென்றார். அங்கே கிறிஸ்தவ சமயத்தைத் தழுவினார். செல்ட்டன்ஹாம் மகளிர் கல்லூரியில் சமஸ்கிருதம் சொல்லிக் கொடுத்துக்கொண்டே கணிதமும் விஞ்ஞானமும் படித்தார். 1886-ல் அமெரிக்கா சென்று கிண்டர்கார்ட்டன் முறையைப் பயின்று, மராத்திப் பாடப் புத்தகங்கள் தயாரித்தார்.

1889 மார்ச்சில் பம்பாயில் விதவைப் பெண்களுக்காகச் சாரதா சதனத்தைத் தொடங்கினார். அங்கு படித்த முதல் விதவை கோதுபாய். இவரே பின்னாளில் பெண்கல்வி முன்னோடி கார்வேயின் மனைவியானார். சதனம் பூனாவுக்கு மாறியபின், பெண்களை மதம் மாற்றுகிறார் என்று 1893-ல் பெரும் கண்டனம் எழுந்தது. பெற்றோர் பலர் தம் பெண்களை அழைத்துச் சென்றுவிட்டார்கள். ரமாபாய் வேலையை நிறுத்தவில்லை. 1896-97 பஞ்சத்தில் மத்திய மாகாணத்துக்குப் போய், அனாதைப் பெண்களை நூற்றுக்கணக்கில் அழைத்துவந்து, பூனாவை அடுத்த கேட்காவில் முக்தி இல்லத்தில் வைத்துக் காப்பாற்றினார்.

முக்தியில் எழுத்தறிவோடு தையல், நெசவு, விவசாயம், அச்சுத் தொழில் ஆகியவையும் கற்பிக்கப்பட்டன. தம் பெற்றோர் தமக்குத் தராமல் விட்டதை அந்தப் பெண்களுக்கு அவர் தந்தார். அவர் மட்டும் மாணவியாகவே இருந்தார். பைபிளை மராத்தியில் மொழிபெயர்ப்பதற்காக நடுவயதுக்கு மேல் எபிரேயமும் கிரேக்கமும் கற்றார். 1921-ல் மகள் மனோரமா இறந்தார். அந்தத் துயரத்திலும் மொழிபெயர்ப்பை முடித்துவிட்டு, 1922 ஏப்ரல் 5-ல் ரமாபாய் கண்மூடினார். 1989-ல் இந்திய அரசு அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது.

உயர்குலத்து இந்துப் பெண்களின் நிலையைப் பற்றி 1887-ல் ஆங்கிலத்தில் அவர் எழுதிய நூல் அமெரிக்காவில் பெரிதும் விற்பனையாயிற்று. அதை அவர் எந்தப் பிரபுவுக்கும் காணிக்கையாக்கவில்லை. தாய் லட்சுமிபாயின் நினைவுக்கே காணிக்கையாக்கினார். வேலை மிகுந்த ஒரு தாய் விடியுமுன் ஒதுக்கிய சிறிது நேரம், மகளுக்கு அறுபது வயதுக்கு மேலும் பாடமாகத் தொடர்ந்தது.