பெயர் சிதைக்கப்பட்ட பேரரசி

எகிப்திய அரசி என்றதும் கிளியோபாட்ராவே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவாள். அவளுக்கு ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன், அரசியாக அன்று, அரசனாகவே முடிசூடி அந்நாட்டை ஆண்டவள் ஹட்ஷெப்சுட்.

முதலாம் தூத்மோசின் மகளான இவள், இரண்டாம் தூத்மோசை மணந்தாள். கி.மு. 1479 அளவில் கணவன் மறைந்தான். வேறொரு மனைவிக்குப் பிறந்த மூன்றாம் தூத்மோஸ் அப்போது சிறுவன். அவன் பொருட்டு ஆட்சியை ஏற்றவள், சில ஆண்டுகளில் தானே பாரோ ஆனாள். பாரோவுக்குரிய பொய்த்தாடியுடன் ஆணுருவாக அவளைச் செதுக்கினர் சிற்பிகள். கல்வெட்டுகளோ பல இடங்களில் பெண்பாலிலேயே பேசுகின்றன.

நைலின் மேற்குக் கரையில், டெய்ர் எல்-பஹ்ரியில், செங்குத்தான பாறையின் அடியில் நிற்கிறது அவளது ஈமக் கோயில். மூன்று தளங்கள், அவற்றை இணைக்கும் சரிவுப் பாதை, நெடிய தூண்வரிசை, அவ்வளவே. மலையோடு போட்டியிடாமல் அதன் மடியில் அமர்ந்த அந்த அடக்கத்திற்கு ஈடாக எகிப்தில் வேறொன்றைச் சொல்வது அரிது. பண்ட் நாட்டிலிருந்து அவளுடைய கப்பல்கள் வெள்ளைப்போள மரங்களை வேரோடு கொணர்ந்த காட்சி அதன் சுவர்களில் உள்ளது. வழிபாடு அங்கே நிகழ, உடலை வைப்பதற்கான கல்லறை மலைக்கு அப்பால், 200 மீட்டருக்கு மேல் நீளும் சுரங்க வழியின் முடிவில் மறைவாக அமைந்தது. கள்வருக்கு அஞ்சிய ஏற்பாடு அது.

உடலைப் போலவே பெயரும் நிலைத்தால்தான் மறுமை உண்டு என்பது எகிப்தியர் நம்பிக்கை. கி.மு. 1458 அளவில் அவள் மறைந்து, ஏறக்குறைய இருபதாண்டுகள் சென்றபின், மூன்றாம் தூத்மோசின் ஆட்சியில் அவள் பெயரையும் உருவத்தையும் உளியால் கொத்தி எடுத்தனர். சினமே காரணமெனின் இத்தனை காலம் பொறுத்திருப்பானா? தன் மகனின் அரியணைக்கு வழி செய்யவே அவ்வாறு செய்தான் என்பர் அறிஞர் பலர். கர்நாக்கில் அவள் நிறுத்திய, ஏறத்தாழ 30 மீட்டர் உயர ஒற்றைக்கல் தூணைச் சுற்றிச் சுவர் எழுப்பினர். மறைக்க எழுந்த அச்சுவரே அதன் எழுத்துகளைக் காத்தது!

உளிக்குத் தப்பிய பெண்பால் விகுதிகளும் இருந்தன. 1829இல் அக்கோயிலைக் கண்ட ஷம்போலியோன், தாடி வைத்த மன்னனைப் பெண்ணாகக் குறிக்கும் எழுத்துகளைப் படித்துத் திகைத்தார்.

அவளது கல்லறையை 1903, 1904ஆம் ஆண்டுகளில் ஹாவர்ட் கார்ட்டர் தோண்டியபோது கற்பேழை வெறுமையாயிருந்தது. அருகிலிருந்த சிறு கல்லறையொன்றில் கிடந்த பெண்ணின் மம்மியே அவளுடையது என்று 2007இல் எகிப்திய ஆய்வாளர்கள் அறிவித்தனர். ஐயுறுவோர் இன்றும் உளர். அவர்கள் காட்டிய சான்று ஒரு கடைவாய்ப் பல். அது இருந்த சிறு மரப்பெட்டியின் மேல் அவள் பெயர் சிதையாமல் எழுதப்பட்டிருந்தது.